ஸ்பீக்கரில் சொல்ல முடியாதது

டெகோரா, ஐயோவா, அமெரிக்கா
பிப்ரவரி 9, 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இப்படி எழுதி எத்தனை வருஷமாயிற்று! காகிதத்தில் கடிதம் வந்திருக்கிறதே, என்ன விபரீதமோ என்று பதறாதே. எல்லாரும் நன்றாக இருக்கிறோம். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் கூப்பிட்டதுமே நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். அப்பா, சித்தி, எதிர் வீட்டு மாமி என்று கூடத்தில் ஒரு சபையே கூடிவிடுகிறது. இது உனக்கு மட்டும். படித்து முடித்ததும் அப்பாவிடம் கொடு. மாமியிடம் வேண்டாம்.

வெளியே மைனஸ் 12. உன் மாப்பிள்ளை பிள்ளைகளைப் பனியில் சறுக்கி விளையாடக் கூட்டிப் போயிருக்கிறார். திரும்பி வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் எழுதிவிட வேண்டும்.

"அந்த ஊர்ல நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களா?" என்று எப்போதும் கேட்பாயே. ஊரில் மொத்தமே 7,500 பேர்தான். பங்குனித் திருவிழாவில் தேரடியில் நிற்கிற கூட்டம்கூடத் தேறாது. அதிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர்கள், நிறையப் பேர் 'என் பாட்டனார் நார்வேயிலிருந்து வந்தார்' என்று ஆரம்பிப்பவர்கள். குன்றின் மேல் இருக்கும் கல்லூரியை 1861-ல் தொடங்கியவர்களும் அவர்கள்தான். அங்கே படிக்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளை விட்டால், கடைத்தெருவில் என் நிறத்தில் இன்னொருவரைப் பார்ப்பது அபூர்வம். இட்லி அரிசி வாங்க மினசோட்டாவில் ராச்செஸ்டர் வரைக்கும் போக வேண்டும், 110 கிலோமீட்டர்.

நல்ல மனிதர்கள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சின்னவன் பிறந்தபோது மூன்று வாரம் நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. தினமும் யாராவது ஒருவர் மூடிய பாத்திரத்தோடு வாசலில் நிற்பார். உப்பும் இருக்காது காரமும் இருக்காது, ஆனால் சூடாக இருக்கும். பனி கொட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலோடு எங்கள் வாசலையும் வழித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். ஆகவே, 'அங்கே உன்னைக் கேவலமா நடத்துறாங்களா?' என்று கேட்காதே. அப்படி இல்லை. வேறு மாதிரி.

பூங்காவில், அப்பா நிறத்தில் இருக்கிற எழிலோடு உட்கார்ந்திருந்தால் என்னை ஆயா என்று நினைப்பார்கள். ஒருத்தி மிகுந்த மரியாதையோடு, "இந்தக் குடும்பத்தில் எவ்வளவு நாளாக வேலை பார்க்கிறீர்கள்? சம்பளமெல்லாம் எப்படி?" என்று விசாரித்தாள். "சம்பளம் கிடையாது, சாப்பாடு மட்டும்தான்" என்றேன். கடைக்கு, என் நிறத்தில் இருக்கிற சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு உன் மாப்பிள்ளை போனால், "எந்த நாட்டிலிருந்து தத்தெடுத்தீர்கள்?" என்று கேட்பார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டில், ஒன்றுக்கு நான் வேலைக்காரி, இன்னொன்றுக்கு அவர் தர்மவான்! இரண்டு பேரும் ராத்திரி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சிரிப்பு வராத நாளும் உண்டு.

பள்ளிக்கூடப் படிவத்தில் இனம் என்ன என்று கேட்டுக் கட்டம் போட்டிருப்பார்கள். இங்கே மக்கள்தொகைக் கணக்கில் ஒன்றுக்கு மேல் குறிக்கலாம் என்று விட்டதே 2000-ல்தான். நான் 'வெள்ளையர்', 'ஆசியர்' இரண்டிலும் டிக் அடிப்பேன். எழில் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டுலயும் பாதி பாதி டிக் போடும்மா" என்றாள்.

இனி என் மாமியாரைப் பற்றி. நீ இன்னும் அவரை 'அந்த அம்மா' என்றே சொல்கிறாய். உனக்கும் அவருக்கும் நன்றாக ஒத்துப்போகும், பார். கிறிஸ்துமஸ் சமயத்தில் லெஃப்ஸே என்று ஒன்று செய்வார். உருளைக்கிழங்கை மசித்து, மாவு போட்டுப் பிசைந்து, நம் போளியைவிட மெல்லிசாகத் தேய்த்து, வட்டக் கல்லில் போட்டு, நீளமான ஒரு குச்சியால் புரட்டி எடுப்பார். வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிச் சாப்பிட வேண்டும். சின்னவன் இட்லிப் பொடி தடவிச் சாப்பிடுகிறான். இந்த வருஷம் மாமியாரும் ஒன்று அப்படிச் சாப்பிட்டுப் பார்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

நான் பிள்ளைகளோடு தமிழில் பேசுவதற்கு அவர்தான் காரணம், தெரியுமா? எழில் பிறந்தபோது, இந்த ஊரில் தமிழ் பேசி என்ன ஆகப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அவர் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். 1918 மே மாதம், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, ஐயோவா கவர்னர் ஹார்டிங் ஓர் அறிவிப்புப் போட்டாராம். பள்ளியில், பொது இடத்தில், ரயிலில், டெலிபோனில்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது. சர்ச்சிலும் அப்படியே. அந்த வருஷக் கடைசியிலேயே அறிவிப்பு போய்விட்டது, ஆனால் பயம் போகவில்லை. இந்த ஊரில் 1874-ல் தொடங்கிய ஒரு நார்வே மொழிப் பத்திரிகை 1972 வரை வந்தது. அப்படியிருந்தும் அவர் அப்பா பிள்ளைகளுக்கு அந்த மொழியைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மாமியாருக்கு இப்போது மிஞ்சியிருப்பது சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஒரு பிரார்த்தனை மட்டும். அதற்கும் பாதிதான் அர்த்தம் தெரியும். "எங்க வீட்ல நடந்தது உன் வீட்ல நடக்க விடாதே" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் நான் தமிழ்தான். எழில் எல்லாம் புரிந்துகொண்டு இங்கிலீஷில் பதில் சொல்வாள். அவள் பெயருக்கு நீ ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய 'ழ' இங்கே யார் வாயிலும் நுழையவில்லை, அவளே அரைகுறையாகத்தான் சொல்கிறாள். சின்னவன் அப்படி இல்லை. அப்படியே உன் பேச்சு. இங்கே ஏன் இதை எழுதுகிறேன் என்று உனக்குப் பிறகு புரியும்.

போன ஜூலைக் கதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் போனில் பாதிதான் சொன்னேன். வருஷா வருஷம் ஜூலைக் கடைசியில் இங்கே நார்டிக் ஃபெஸ்ட் என்று மூன்று நாள் திருவிழா. 1967-ல் ஆரம்பித்தது. (அதே 1967-ல், ஜூன் 12-ஆம் தேதிதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெள்ளையரும் மற்ற இனத்தவரும் கல்யாணம் செய்யத் தடை போட்ட சட்டங்களைச் செல்லாது என்றது. அதுவரை 16 மாநிலங்களில் அந்தச் சட்டம் இருந்தது. ஐயோவாவில் 1851-லேயே எடுத்துவிட்டார்கள். எங்கள் கல்யாணத்துக்கு அப்பா கேட்ட முதல் கேள்வி, "அந்த ஊர்ச் சட்டம் ஒத்துக்குமா?" என்பதுதானே. தாலுகா ஆபீஸ் மனுஷர்! தாமதமான பதிலாக இதை அவருக்குப் படித்துக் காட்டு.)

திருவிழாவுக்கு மாமியார் இரண்டு பிள்ளைகளுக்கும் நார்வே உடை தைத்திருந்தார். எழிலுக்குச் சிவப்பு மேல்சட்டை, வெள்ளை ஏப்ரன். சின்னவனுக்கு வெள்ளிப் பொத்தான் வைத்த கையில்லாத கோட்டு, முழங்கால் வரைக்கும் சாக்ஸ். அவன் காலை ஐந்து மணிக்கே போட்டுக்கொண்டு நின்றான். கடைத்தெருவில் வெளியூர்க்காரப் பெண்மணி ஒருத்தி எழிலைப் பார்த்து, "அடடா, அசல் நார்வேப் பெண்!" என்று படம் எடுத்தாள். எழில் தம்பியைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். அந்தப் பெண்மணி போனைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டு, சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்: "நீ இன்று வேஷம் போட்டுக்கொண்டாயா? நீ எந்த ஊர்?"

அவன் "டெகோரா" என்றான். "இல்லை, உண்மையில் எந்த ஊர்?" என்றாள்.

எனக்கு வாய் வரவில்லை. மாமியார்தான் முன்னால் வந்து, "இவன் குடும்பம் இங்கே வந்து அஞ்சாவது தலைமுறை. நீங்க எங்கேருந்து வர்றீங்க?" என்று கேட்டார். அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். இதுவரைதான் உனக்குச் சொன்னேன். நீயும் போனில், "யாருடி அவ, என் பேரனைப் பார்த்து அப்படிக் கேக்கறதுக்கு?" என்று கத்தினாய். எனக்கு அது அவ்வளவு ஆறுதலாக இருந்தது. சொல்லாத மீதி இதுதான்: வீட்டுக்கு வந்ததும் அவன் கோட்டைக் கழற்றிச் சுருட்டி, பழைய துணிப் பைக்குள் திணித்துவிட்டான். மறுநாள் போடவில்லை.

இப்போது நான் எழுத வந்த விஷயம்.

போன மாதம் அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "அம்மா, பரவாயில்லன்னா என்ன?" என்றான். "ஓகேன்னு அர்த்தம்டா" என்றேன். கொஞ்ச நேரம் தண்ணீரைத் தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு, "நான் பால் கொட்டினா நீ பரவாயில்லன்னு சொல்லுவே. பாட்டி என்னைப் பார்த்துச் சொன்னாங்களே. நான் என்ன கொட்டினேன்?" என்றான்.

அம்மா, 2023-ல் நாங்கள் வந்திருந்தபோது திண்ணையில் நடந்தது உனக்கு நினைவிருக்காது. எதிர் வீட்டு மாமி எழிலின் கன்னத்தைக் கிள்ளி, "ரோஜாப்பூ மாதிரி இருக்கா" என்றார். பிறகு சின்னவனைப் பார்த்து, "இவன் மட்டும் ஏன் இப்படிக் கருவண்டாட்டம்?" என்றார். நீ சொன்னாய்: "நல்லவேளை, பொண்ணு சிவப்பாப் பொறந்துட்டா. ஆம்பளப் பிள்ளை கறுப்பா இருந்தாப் பரவாயில்ல." கேலிக்குத்தான், எனக்குத் தெரியும். ரெண்டாவது பிரசவத்துக்கு நீ அனுப்பிய குங்குமப்பூவை நான் சாப்பிடாமல் விட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று வேறு சேர்த்துக்கொண்டாய். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவனுக்கு அப்போது ஐந்து வயது, மடியில் பலாச்சுளைத் தட்டு. ஒன்றும் புரியாது என்று நினைத்துவிட்டோம். அவனுக்கு எல்லாம் புரியும். தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான்.

உன்மேல் கோபம் இல்லை. நீ எனக்குக் கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் அரைத்துப் பூசியது என் கல்யாணக் கவலையால்தான். உன்னையும் யாரோ அப்படிச் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். ஆனால் அந்த வெளியூர்க்காரிக்கு என் மாமியார் பதில் சொல்லிவிட்டார். உனக்கு யார் சொல்வது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்னொன்றும் யோசித்துப் பார். கமலா ஹாரிஸ் தேர்தலில் நின்றபோது அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டிக் கோயிலில் அர்ச்சனை செய்ததை எவ்வளவு பெருமையாகச் சொன்னாய்! 2020 மேடையில் அவர் 'சித்தி' என்று தமிழில் சொன்னதைக் கேட்டு நம் சித்திக்கே கண்ணீர் வந்துவிட்டதே. கமலாவின் அப்பா ஜமைக்காக்காரர். அந்தப் பேனரைப் பார்த்து யாரும் நிறத்தைக் கேட்கவில்லை, 'நம்ம ஊர்ப் பொண்ணு' என்றுதான் சொன்னார்கள். போன நவம்பரில் தோற்ற அன்றும் நீ வருத்தப்பட்டுத்தான் பேசினாய். அதில் கால்வாசி தாராளம் நம் வீட்டுப் பிள்ளைக்கும் இருக்கட்டுமே.

ஜூன் 14 காலையில் திருச்சியில் இறங்குகிறோம். வந்ததும் எழிலை மட்டும் தெருவெல்லாம் கூட்டிப்போய்க் காட்டாதே. அவளுக்கும் அது பிடிக்கவில்லை, தம்பி முகம் வாடினால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. மாமிக்கு நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும், உன்னால்தான் முடியும். சின்னவனிடம் பழைய பேச்சை எடுத்து மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், வெட்கப்பட்டுவிடுவான். அவனோடு கோயிலுக்குப் போ, போதும். கோயில் யானை செங்கமலம் இன்னும் பாப் கட்டிங்தானா என்று தினமும் கேட்கிறான். "செங்கமலம் கறுப்புதானே? அவளை மட்டும் எல்லாரும் அழகுன்னு சொல்றாங்க" என்றும் கேட்டான். இதற்குப் பதில் நீயே சொல்லிக்கொள்.

எழிலுக்குப் பத்து நிமிஷ வெயிலில் தோல் சிவந்து எரிய ஆரம்பித்துவிடும், அதனால் மொட்டை மாடியில் வடகம் காயப் போட அவளைக் கூப்பிடாதே. சின்னவனைக் கூப்பிடு, காக்கா விரட்டுவான். வத்தக்குழம்புப் பொடி ஒரு கிலோ அரைத்து வை. உன் மாப்பிள்ளைக்குப் பெரிய கட்டில் வேண்டும், போன தடவை கால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் பூட்ஸ் உதறும் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார்கள். சின்னவன் வரைந்த படம் ஒன்றை மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். நம் வீட்டுத் திண்ணை, எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் இரண்டு பேர் ஒரே பழுப்பு க்ரேயானில் இருப்பார்கள், அவனும் தாத்தாவும். தாத்தாவுக்குத் தலை நிறைய முடி வைத்திருக்கிறான். அப்பாவிடம் அதை முதலில் காட்டு.

இப்படிக்கு
உன் மகள்