இ-சேவை மையத்தில் உதவிய செவிலியர் அக்காவுக்கு

பி.எஸ்சி. நர்சிங் கலந்தாய்வின் முதல் சுற்றில் தங்கைக்கு இடம் கிடைக்கவில்லை. அன்றே ஒரு புரோக்கர், ‘ஒரிஜினல் சான்றிதழோடு முன்பணம் கட்டுங்கள், தனியார் கல்லூரியில் சீட் உறுதி’ என்று போன் செய்தார். வரிசையில் எங்கள் பேச்சைக் கேட்ட நீங்கள், யாரும் கேட்காமலே திரும்பி, “ஒரிஜினலைக் கையை விட்டு விடாதம்மா” என்றீர்கள்.

காரணத்தையும் சொன்னீர்கள். அடுத்த சுற்றில் இடம் வந்தால் சேர ஒரிஜினல் வேண்டும். அதைத் தனியார் கல்லூரி வைத்துக்கொண்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. பணம் கட்டுமுன் அந்தக் கல்லூரி இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பட்டியலிலும் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னீர்கள். புரோக்கர்கள் காட்டும் பிரசுரத்தை விட இது எவ்வளவோ மேல்.

பிறகு சாதிச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். ஒன்றில் தங்கையின் இனிஷியல் ‘எம்’, மற்றதில் ‘எம்.கே.’! சரிபார்ப்பில் சிக்கும் இடம் இதுதான் என்று காட்டி, திருத்த விண்ணப்பத்தை அங்கேயே போடவைத்தீர்கள். அடுத்த சுற்றிலும் இடம் கிடைக்காவிட்டால் மூன்றாண்டு டிப்ளமோ நர்சிங், அதன்பின் டிப்ளமோ முடித்தவர்களுக்கான இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்ற வழியையும் ரசீதின் பின்புறம் எழுதினீர்கள்.

பெயர் கேட்பதற்குள் டூட்டிக்குக் கிளம்பிவிட்டீர்கள். ரொம்ப நன்றி அக்கா. அந்த ரசீதை நகலெடுத்து, அதே நிலையில் இருந்த இன்னொரு பிள்ளைக்கும் கொடுத்திருக்கிறோம்.