சுற்றிக் காட்டுவது பயிற்சி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

2024–25 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட, பெரிய நிறுவனங்களில் இளைஞருக்கு 12 மாதப் பயிற்சி தரும் பிரதமரின் உள்ளகப் பயிற்சித் திட்டம் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். அப்போது அறிவித்த மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை போதுமா என்பதிலேயே விவாதம் நின்றுவிட்டது. அந்த 12 மாதங்களும் இளைஞருக்கு என்ன வேலை தரப்படுகிறது என்பதல்லவா முதல் கேள்வி? ஆரம்பாக்கம், தடா, சூளூர்ப்பேட்டை வட்டாரப் பிள்ளைகள் பலர் பக்கத்தில் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் தொழில் நகரமான ஸ்ரீசிட்டியின் வாகன, உதிரிபாக ஆலைகளை நம்பித்தான் டிப்ளமோ படிக்கிறார்கள். அவர்களை வாரத்துக்கு ஒரு பிரிவாகச் சுற்றிக் காட்டி, கையில் சான்றிதழைக் கொடுத்து அனுப்பினால் தொழில் வராது.

நான் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவன். எங்கள் ஆலைக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணை அசெம்பிளி லைனில் ஒரே இடத்தில் நிறுத்தினோம். போல்ட் தேவையான அளவு இறுகியதும் டார்க் ரெஞ்சு ‘கிளிக்’ கொடுக்கும்; அதன் பிறகுதான், இறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக, போல்ட்டில் பெயின்ட் மார்க் போட வேண்டும். ஷிப்ட் முடியும் அவசரத்தில் சிலர் மார்க்கை முதலில் போட்டுவிட்டு இறுக்குவதை அவர்தான் கண்டுபிடித்தார். ரெஞ்சைக் கொக்கியில் மாட்டினால்தான் மார்க்கர் கைக்கு எட்டும்படி இடத்தை மாற்றச் சொன்னதும் அவரே. பல வாரம் ஒரே வேலையைப் பார்த்த கண்ணுக்குத்தான் இது படும். ஆகவே, பயிற்சியாளரைக் குறைந்தது மூன்று மாதமாவது ஒரே பிரிவில் வைத்து, தீர்க்க ஒரு சிக்கலையும் ஒப்படைக்க வேண்டும் என்று விதிமுறையிலேயே சேர்க்க வேண்டும். லைன் மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட வேலைக் குறிப்பேடு இருந்தால் மட்டுமே சான்றிதழ் வழங்கலாம்.

– ஒரு வாசகர், ஆரம்பாக்கம்