மகளுக்கு: பழைய மெஷின் வாங்கும் முன்

அன்புள்ள கண்ணுக்கு, அப்பா எழுதுவது. இங்கு சேலத்தில் அனைவரும் நலம்.

நீ அனுப்பிய நான்கு படங்களையும் உன் தம்பி செல்போனில் பெரிதாக்கிக் காட்டினான். ஈரோட்டில் மூடப்போகும் போட்டோ ஃபிரேம் கடையிலிருந்து கட்டிங் மெஷின், ஜாயிண்டிங் மெஷின், கம்ப்ரசர், அட்டை வெட்டும் மவுண்ட் கட்டர் நான்கையும் சேர்த்து 85,000 ரூபாய்க்குத் தருவதாகவும், "நான் எடுக்கலாமா" என்றும் ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. முன்பெல்லாம் ஏற்காட்டிலிருந்து வரும் எந்தச் செய்தியும் "நாங்கள்" என்றுதான் தொடங்கும். அது போகட்டும், மெஷினைப் பற்றி எழுதுகிறேன்.

கட்டிங் மெஷின் டென்மார்க்கின் மோர்சோ என்று அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அதே அமைப்பில் நம் நாட்டிலும் செய்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் விலை வேறு. பெயர்ப்பலகை எதுவாக இருந்தாலும் வார்ப்பு இரும்பு உடலில் விரிசலோ பற்றவைத்த தடமோ இருக்கிறதா என்று பச்சைப் பெயிண்டுக்கு அடியிலும் பார். பழைய மெஷினுக்குப் புதுப் பெயிண்டு அடித்திருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். கத்திகள் இரண்டையும் எப்போதும் ஜோடியாகத்தான் சாணை பிடிக்க வேண்டும். ஒன்றை மட்டும் பிடித்திருந்தால் உயரம் மாறி, வெட்டு அடியில் பிய்ந்து வரும். பல முறை சாணை பிடித்துத் தேய்ந்த கத்தி என்றால் புது ஜோடியின் விலையையும் இந்த 85,000 ரூபாயோடு கூட்டிக்கொள். அந்தக் கடையில் சட்டத்துக்கான பீடிங் கட்டையில் எம்.டி.எஃப் (மரநாரையும் பசையையும் அழுத்திச் செய்தது) அதிகம் போயிருந்தால் கத்தியின் பாடு பெரும்பாடாகத்தான் இருக்கும். எதை வெட்டினீர்கள் என்று அவரைக் கேட்காதே, மெஷினின் அடியில் கிடக்கும் தூளை எடுத்து விரலில் தேய்த்துப் பார்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பீடிங்கை எடுத்துப் போய் நான்கு துண்டு வெட்டி, சட்டமாகச் சேர்த்துப் பார்ப்பது. ஒரு மூலையை மட்டும் சேர்த்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டாதே. வெட்டும்போது பீடிங் சாய்ந்து நிற்கும் இடது கைடும் வலது கைடும் தனித்தனியானவை. அவற்றில் ஒன்று ஒரே ஒரு டிகிரி பிசகினாலும் ஒவ்வொரு மூலையும் 90க்குப் பதில் 89 ஆகிவிடும்; அது கண்ணுக்குத் தெரியாது. மூன்று மூலைகளை இறுக்கிச் சேர்த்த பிறகு அந்தப் பிசகெல்லாம் ஒன்றாகத் திரண்டு நான்காவது மூலையில் 4 டிகிரியாக வந்து நிற்கும். ஓர் அங்குலப் பீடிங்கில் அது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளக்கும், ஒரு நாணயமே நுழையும். ஆகவே நான்கு துண்டும் வெட்டிப் பார்.

ஜாயிண்டிங் மெஷினில் 7 மில்லிமீட்டரிலிருந்து 15 மில்லிமீட்டர் வரை, மூலையைப் பிணைக்கும் வி வடிவ ஆணிகள் எல்லாம் இறங்குகின்றனவா என்று அடித்துப் பார். அடிக்கும் முனை தேய்ந்திருந்தால் ஆணி முழுவதும் இறங்காமல் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். தேக்கில் அடித்தால்தான் அது தெரியும், மெத்தென்ற ஃபைபரில் எல்லா மெஷினும் நல்ல மெஷின்தான். கம்ப்ரசரை எடுக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். டேங்கின் உட்புறத் துரு வெளியே தெரியாது. காற்றை அடைத்து வைக்கும் பாத்திரத்தில் துரு என்பது விளையாட்டல்ல. அப்படியும் பார்ப்பதென்றால் காற்றை நிரப்பி வால்வை மூடிவிட்டு, ஒரு டீ குடித்து வந்து முள் இறங்கியிருக்கிறதா என்று பார். பிறகு அடியில் உள்ள திருகைத் திறந்து, வரும் தண்ணீர் என்ன நிறம் என்று பார். மவுண்ட் கட்டருக்கு பிளேடுதான் செலவு. தலை தண்டவாளத்தில் ஆடாமல் ஓடினால் போதும்.

படத்தில் மோட்டாரின் தகடு தெரியவில்லை. அது த்ரீ பேஸ் என்றால் மின்வாரியத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இணைப்பை யார் பெயரில் எடுக்கிறாய்? கடை வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்? விண்ணப்பத்துக்கு வேண்டும் என்பதால்தான் கேட்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குட்டியானை வண்டியில் அந்த இரும்பை ஏற்றி, மேலே இறக்கும்போது நான்கு பேராவது பிடிக்க வேண்டும். மாப்பிள்ளை அன்று எஸ்டேட்டில் லீவு போடுவாரா? வைகாசியில் வந்தபோதும் நீ அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆடிக்குக் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்த அன்று உன் அம்மா அடுப்பைப் பார்த்ததைவிட வாசலைப் பார்த்ததுதான் அதிகம்.

ஏற்காட்டில் ஃபிரேம் கடை ஓடாது என்று உன் சித்தப்பா சொன்னதை நான் ஏற்கவில்லை. பள்ளிக்கூடங்களின் குரூப் போட்டோக்களும், எஸ்டேட் பங்களாக்களில் பூஞ்சணம் பிடித்துத் தொங்கும் பழைய படங்களும் போதும். மலையின் ஈரத்தில் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் உரிக்க முடியாது. நடுவில் மவுண்ட் போர்டு அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லித்தர அங்கு ஆள் வேண்டும். அது உனக்குத் தெரியும். பதினைந்து வயதில் கண்ணாடியின் மேல் வைரத்தை ஒரே இழுப்பாக இழுத்து, அந்தச் சத்தத்தைக் கேட்டே கோடு சரியாக விழுந்ததா என்று சொல்லிவிடுவாய். என்னால் இன்றும் தட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. அந்தக் கையை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் கணக்கு எழுதினாயே என்று எனக்குக் கோபம்தான். அந்தக் கோபத்தை உன் மேல் வைக்க எனக்கு உரிமையில்லை என்பதையும் இப்போது எழுதிவிடுகிறேன்.

1999இல் நாமக்கல்லில் மூடிய ஒரு கடையிலிருந்து நான் பழைய கட்டிங் மெஷின் வாங்கியது உனக்கு நினைவிருக்கும். அவசரத்தில் ஒரே ஒரு மூலையை வெட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைக்காரரின் கல்யாணப் படங்கள் பன்னிரண்டையும் நீதான் வெட்டினாய். பன்னிரண்டிலும் மூலை பிளந்தது. அவர் முன்னாலேயே, பொம்பளைப் பிள்ளையின் கையில் கொடுத்தால் வேலை இப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். நீ ஒன்றும் பேசாமல் கையைக் கழுவிக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு கடைக்குள் வரவில்லை. ஒரு மாதம் கழித்து எனக்கே மூலை பிளந்தபோதுதான் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். இடது கைடு ஒரு டிகிரி சாய்ந்திருந்தது. மாடத்தில் கிடந்த உன் பவுடர் டப்பாவின் தகரத்தை வெட்டி, நான்காக மடித்துக் கைடுக்குப் பின்னால் செருகினேன், சரியாகிவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. கடையை மூடியபோது அந்த மெஷினைத் தகரத்தோடு சேர்த்து விற்றேன், வாங்கியவரிடமும் சொல்லவில்லை. விற்பவன் எதை, எந்த இடத்தில் மறைப்பான் என்று எனக்கு இவ்வளவு தெரிவது அதனால்தான். கைடுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்.

கம்ப்ரசரை விட்டுவிட்டு மற்ற மூன்றுக்கும் 60,000 ரூபாய் என்று பேச்சைத் தொடங்கு. நான்கு துண்டும் சேர்ந்தால் 65,000 வரை போகலாம், சேராவிட்டால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். மின்வாரிய விஷயம் தெரியும்வரை அட்வான்ஸ் கொடுக்காதே. பணத்துக்கு என்ன ஏற்பாடு என்று நீ எழுதவில்லை. கடையை விற்ற பணத்தில் உன் பங்கு தபால் அலுவலகத்தில் அப்படியே இருக்கிறது; அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஈரோடு போவதாக எழுதியிருக்கிறாய். காலையிலேயே இறங்கி வா. தேக்குப் பீடிங்கும் ஃபைபர் பீடிங்கும் மூலைமட்டமும் எடுத்துக்கொண்டு நான் புதிய பேருந்து நிலையத்தில் இருப்பேன். நீ வெட்டு, நான் துண்டுகளைப் பிடித்துக்கொள்கிறேன். அம்மா புளிச்சோறு கட்டித் தருகிறேன் என்கிறாள். எத்தனை பேருக்குக் கட்ட வேண்டும் என்பதை மட்டும் சனிக்கிழமைக்குள் தம்பியிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
அப்பா