'சேமிக்கப்பட்டது' என்று காட்டிவிட்டுக் கெட்டுப்போகும் கணக்குக் கோப்புகள்: புகார் கடிதம்

அனுப்புநர்
உரிமையாளர், வாழைத்தார் கமிஷன் மண்டி,
களக்காடு, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பொறுப்பாளர்,
எடைக் கணக்கு மென்பொருள் நிறுவனம்.

நாள்: 12.09.2025

பொருள்: ஆகஸ்ட் மாத அப்டேட்டுக்குப் பிறகு எக்செல் கோப்புகள் திறக்க முடியாமல் போவது தொடர்பாக.

ஐயா,

உங்கள் மென்பொருளை மூன்று வருஷமாக மண்டியில் வைத்திருக்கிறேன். தராசில் தார் ஏறியதும் எடை கம்ப்யூட்டரில் விழும். சம்சாரி (விவசாயி) பெயரும் வாங்குகிற வியாபாரி பெயரும் போட்டு, சாயங்காலம் 'சேமி' அழுத்தினால் அன்றையக் கணக்கு ஒரு எக்செல் கோப்பாகிவிடும். ஆடி முடிகிறவரை ஒரு குறை சொல்ல முடியாது. ஆகஸ்ட் நடுவில் நீங்கள் அனுப்பிய அப்டேட்டைப் போட்டோம், அன்று பிடித்தது வினை.

ஆகஸ்ட் 19, 23, 28, செப்டம்பர் 1 ஆகிய நான்கு நாள் கோப்புகள் மறுநாள் காலையில் திறக்கவில்லை. ஓணத்துக்கு முன்னால் ஏத்தன் (நேந்திரன்) தார் லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகிற நேரம் அது. எங்களுக்கு வருஷத்தில் நாலு காசு பார்க்கிற நாட்களே அவைதான். கோப்பில் கோளாறு இருக்கிறது, முடிந்தவரை மீட்கவா என்று எக்செல் கேட்டது. சரி என்றோம். 28-ஆம் தேதிக் கணக்கில் 412 தாருக்கு 163 தார்தான் வந்தது. மிச்சம் வெறும் கட்டம்.

உங்கள் உதவி எண்ணுக்கு மூன்று தடவை பேசினேன். முதல் தடவை பென் டிரைவைக் குறை சொன்னார்கள். நாங்கள் பென் டிரைவில் சேமிப்பதே இல்லை. அடுத்த தடவை, சேமிக்கும்போது கரண்ட் போயிருக்கும் என்றார்கள். யுபிஎஸ் இருக்கிறது என்றேன். மூன்றாம் தடவை, "சார், உங்க சிஸ்டம்ல வைரஸ் இருக்கும், ஃபார்மட் பண்ணுங்க." 1,200 ரூபாய் கொடுத்து அதையும் செய்தேன். அதற்குப் பிறகுதான் செப்டம்பர் 1-ஆம் தேதிக் கோப்பு போனது.

காரணத்தைக் கண்டுபிடித்தது என் தங்கை மகன். எக்செல் மீட்டுக் கொடுத்தபோது ஒரு சின்ன அறிக்கையும் காட்டும். நான் அதைப் படிக்காமலே மூடிக்கொண்டிருந்தேன். அவன் படித்தான். எந்த வரியில், எத்தனையாவது எழுத்தில் கோளாறு என்று அதில் இருந்தது. உங்கள் மென்பொருள் இப்போது சேமிக்கும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகை எக்செல் கோப்பு என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலமாம். கோப்பை நகல் எடுத்து, பெயரின் வாலை ஜிப் என்று மாற்றிப் பிரித்தான். உள்ளே எல்லாம் எக்ஸ்எம்எல், அதாவது குறிகள் போட்டு விவரத்தைப் பிரித்து எழுதும் முறை. நோட்பேடில் அந்த இடத்துக்குப் போனால் ஒரு கேரள வியாபாரியின் பெயர். பெயருக்கு நடுவில் '&' குறி.

மற்ற மூன்று கோப்புகளிலும் அதே பெயர், அதே இடம். அந்த வியாபாரி சரக்கு எடுத்த நான்கு நாட்கள்தான் கோப்பு கெட்ட நாட்கள். எங்கள் சம்சாரிகள் ஒருவர் பெயரிலும் இந்தக் குறி கிடையாது. அதனால்தான் மற்ற நாட்கள் தப்பின.

எக்ஸ்எம்எல்லில் '&' குறிக்குத் தனி வேலை இருப்பதால் அதை அப்படியே எழுதக் கூடாது, ஐந்து எழுத்துக் கோவையாக மாற்றித்தான் எழுத வேண்டும் என்று பையன் சொல்கிறான். உங்கள் பழைய பதிப்பு எக்ஸ்எல்எஸ் என்ற பழைய வகையில் சேமித்தது. அது எக்ஸ்எம்எல் இல்லை, அதனால் இந்தத் தொல்லையும் இல்லை. புதிய வகைக்கு மாறினீர்கள், குறியை மாற்ற மறந்துவிட்டீர்கள். உறுதி செய்ய ஒரே ஒரு வரியுள்ள கோப்பில் 'அ & ஆ' என்று போட்டுச் சேமித்தோம், கெட்டது. 'அ அண்டு ஆ' என்று போட்டோம், திறந்தது. பத்துத் தடவையும் இதே கதை. '<' குறி போட்டாலும் கெடுகிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தப்பு யாருக்கும் வரும். கெட்ட கோப்பை எழுதிவிட்டு உங்கள் மென்பொருள் பச்சை டிக் போட்டு 'சேமிக்கப்பட்டது' என்று காட்டியதே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எழுதியதை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு அந்த டிக்கைப் போட்டிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

போன கணக்கைத் தேற்ற 37 சம்சாரிகளுக்குப் போன் போட்டு, நாங்கள் கொடுத்த சிட்டையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னோம். சிங்கிகுளத்துப் பெரியவர் ஒருவர் சட்டைப் பையில் வைத்திருந்த சிட்டை துவைக்கும்போது கரைந்துவிட்டது. 14 தார் போட்டதாகச் சொன்னார். அவர் சொன்ன எடைக்கே பணம் கொடுத்தேன். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் "கம்ப்யூட்டர் கணக்குன்னு சொன்னீயளே அண்ணாச்சி" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

எனவே, இந்தக் கோளாறைச் சரிசெய்த அப்டேட் பதினைந்து நாளுக்குள் வர வேண்டும். கோளாறு உங்கள் மென்பொருளில்தான் என்று எழுத்தில் தர வேண்டும். சம்சாரிகளிடம் காட்ட எனக்கு அது தேவை. ஃபார்மட்டுக்குச் செலவான 1,200 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். இதே மென்பொருள் வைத்திருக்கும் மற்ற மண்டிகளுக்கும் உடனே தகவல் சொல்லிவிடுங்கள், அவர்களும் ஃபார்மட் போட்டுக்கொண்டிருக்கப் போகிறார்கள். பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இந்த மண்டி நானே உட்கார்ந்து நடத்தும் வயிற்றுப்பாடு, அதனால் நானும் நுகர்வோர்தான்.

கெட்ட கோப்புகள் நான்கும், சோதனைக் கோப்புகள் இரண்டும், எக்செல் காட்டிய அறிக்கையின் படமும் இணைத்துள்ளேன். சரிசெய்த அப்டேட் வரும்வரை அந்த வியாபாரியின் பெயரில் குறிக்குப் பதிலாக 'அண்டு' என்று தமிழிலேயே அடித்து வருகிறோம். பில்லில் அதைப் பார்த்துவிட்டு, பெயரை ஏன் மாற்றினீர்கள் என்று நேற்று அவரும் போன் செய்தார்.

இப்படிக்கு,
மண்டி உரிமையாளர்,
களக்காடு.