ஆண்டறிக்கை 2024–25: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வழக்கம்போல் வராத பெரும்பான்மையோருக்கும் வணக்கம்.

நீலகிரியின் பழைய காகிதங்களையும் படங்களையும் சேர்த்துக் காக்கும் நம் சங்கத்தின் செயற்குழு விதிப்படி கூடியது. கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள்கணக்கு (கோரம்) சேராமல் சில கூட்டங்கள் தள்ளிப்போயின. குடியரசு தினக் கொடியேற்றம் நடந்தது. பள்ளி மாணவர் கட்டுரைப் போட்டி நடந்து பரிசும் கொடுத்தாயிற்று. மே மாதச் சொற்பொழிவு, ஊட்டி மலர்க் கண்காட்சி நெரிசலில் பேச்சாளர் மலையேற முடியாததால் கைவிடப்பட்டது. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது.

இனி ஆரி கவுடர் சேகரம், அதாவது அவரைப் பற்றி நமக்கு வந்த காகிதங்களும் படங்களும். அவர் பிறந்த நாளான டிசம்பர் 4-ல் கண்காட்சி ஏன் வைக்கவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் கேள்வி மேல் கேள்வி வந்தது. பதிலை எழுத்தில் வைத்துவிடுவதே நல்லது.

ராவ் பகதூர் ஹெச்.பி. ஆரி கவுடர் 1893-ல் பிறந்து 1971-ல் மறைந்தவர். நீலகிரி மலைவாழ் படுகர் சமூகத்தில் முதல் பட்டதாரி. மெட்ராஸ் சட்டசபையில் நீலகிரிக்காகப் பேசியவர். 1935-ல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை நெடுங்காலம் தலைமையேற்று நடத்தி, உருளைக்கிழங்கு விவசாயிக்கு மலையடிவார மேட்டுப்பாளையம் சந்தையில் ஒரு பிடிமானம் கொடுத்தவர். இதெல்லாம் இங்கிருப்போருக்குத் தெரியும். அவரைப் பற்றி நமக்கு வந்த காகிதங்கள் எந்த நிலையில் வந்தன என்பதுதான் தெரியாது. பரணிலிருந்து இறக்கி, கேரி பேக்கில் திணித்து, மழையில் நனைந்தபடி கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, "எப்போ சார் கண்காட்சி?" என்கிறார்கள்.

வந்த காகிதம் நேராக பீரோவுக்குள் போகக் கூடாது. ஒரு தாளில் பூஞ்சணம் இருந்தால் பக்கத்து உறைக்கும் பரவும். முதலில் தனி அறை. ஈரத் தாளை ஒற்றுத்தாள்களுக்கு இடையே வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் தாள் சுருண்டு பழுக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியில் வைத்து, மென்தூரிகையால் பூஞ்சணத்தைத் தட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது தாளுக்குள் இழுகிவிடும். பிறகு குண்டூசி, ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் கம்பி எல்லாம் வெளியே வர வேண்டும். துருப்பிடித்த ஊசியை இழுத்தால் தாளும் கூடவே வரும். ஊசிக்கு இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, துருவை விடுவித்துவிட்டுத்தான் எடுக்க முடியும். கட்டுவதற்குப் பருத்தி நாடா. எண் போடுவதற்கு 2பி பென்சில், தாளின் பின்பக்க மூலையில். பேனா கூடாது, முத்திரை கூடாது. கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டி, "சரி பண்ணிட்டேன்" என்று கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து கிழிந்தபடியே கொடுங்கள். லேமினேஷன் அதைவிடக் கொடுமை. பிரித்தெடுக்க வழியே இல்லை.

புகைப்படங்களில் பாதி, பிளாஸ்டிக் தாள் மூடிய ஒட்டும் ஆல்பங்களில் வந்தன. அந்தப் பசை நாளாக நாளாக இறுகும். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது; கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்ய வேண்டியதுதான். படங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் கோப்பாக. தாள்களுக்கு 400 போதும். மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப்போகும், உள்ளே பதிந்த தேதியும் உதிர்ந்துவிடும். 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்து அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அறை விஷயம். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை முழுக்க அதே நிலைதான். இரவுக் குளிரில் இரும்பு பீரோவின் உள்சுவர் வியர்க்கும். அதனால் பீரோ வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியும், தரையிலிருந்து அரை அடி உயரத்திலும் நிற்கிறது. ஏதோ அழகுக்காக என்று நினைத்து யாரும் சுவரோடு தள்ளிவிட வேண்டாம். உள்ளே நீல சிலிகா ஜெல். இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மீண்டும் நீலமாகும். சமையல் பாத்திரத்தில் போடக் கூடாது. அந்த நீலத்தில் கோபால்ட் இருக்கிறது. ரசகற்பூர உருண்டை வேண்டாம். வசம்பைத் துணியில் முடிந்து வைக்கலாம், தாளைத் தொடாமல்.

அடுத்து, காலம் கணிப்பது. கொண்டுவந்தவர் "1940" என்று சொல்கிறார் என்பதற்காக அப்படியே எழுதிவிட முடியாது. விலை 'நயா பைசா'வில் இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்தியதல்ல. தலைப்பில் 'தமிழ்நாடு அரசு' என்றிருந்தால் 1969 ஜனவரிக்குப் பின். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின், அதாவது ஆரி கவுடர் மறைந்த பிறகு எழுதியது. 'எம்.எல்.சி.' (கவுன்சில் உறுப்பினர்) என்று கண்டதும் 'மேலவை உறுப்பினர்' என்று விவர அட்டையில் எழுதிவிடுகிறார்கள். 1937-க்கு முன் மெட்ராஸில் இருந்தது ஒரே சபை, அதன் பெயரே கவுன்சில்; மேலவை, கீழவை என்று பிரிந்தது அதன் பிறகே. அட்டைகளைத் திருத்தியதில் சில மாதங்கள் போயின. அவர் சபையில் என்ன கேட்டார் என்பதற்கு நம்மிடம் உள்ள பத்திரிகைத் துணுக்குகள் போதாது. அச்சான சபை நடவடிக்கைத் தொகுதிகளைச் சென்னையில் பார்த்துப் பிரதி எடுக்க வேண்டும். அதற்கு ஆளும் வேண்டும், பணமும் வேண்டும்.

பெரியவர்கள் படுகு மொழியில் பேசிய கேசட்டுகளும் வந்திருக்கின்றன. ஓட விடுவதற்கு முன் மேல்விளிம்பில் உள்ள இரு சிறு தாழ்களையும் உடைத்துவிட வேண்டும், இல்லையெனில் கை தவறிப் பதிவு அழியும். கேட்டு எழுதித் தருவதாக மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

ஒரு பழைய படத்தை பேனருக்கு இரவல் கேட்ட உறுப்பினர் ஒருவருக்கு மூலம் தரப்படவில்லை, பிரதிதான் தரப்பட்டது. அன்றிலிருந்து அவர் சந்தா கட்டவில்லை என்று கேள்வி. கொடைப் படிவத்தில் 'கொடை' என்றோ 'இரவல்' என்றோ குறித்துக் கையெழுத்திடாத எதையும் இனி வாங்குவதில்லை என்பது செயற்குழு முடிவு.

கணக்கு: தணிக்கையாளர் கையொப்பமிட்ட வரவு செலவு இணைப்பில் உள்ளது. வரவு செலவைத் தாங்கியது, இழுத்துப் பிடித்து. 'இதர செலவு' பெருத்திருப்பதாகத் தெரிந்தால், அது அமிலமற்ற உறைகள், நாடா, சிலிகா ஜெல். சந்தா நிலுவைப் பட்டியல் உறுப்பினர் பட்டியலில் பாதிக்கு மேல் நீள்கிறது. நாகரிகம் கருதி வாசிக்கவில்லை. படுகர் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு ஊர் போனவர்களைக் குறை சொல்லவில்லை. மற்ற மாதங்களுக்கு என்ன காரணம் என்று அவரவரே யோசித்துக்கொள்ளலாம். சிலை வைக்கலாம் என்றால் கை தூக்க ஆள் இருக்கிறது, உறை வாங்கலாம் என்றால் கூரையைப் பார்க்கிறார்கள்.

இடம் தந்தவர்களுக்கும், ஸ்கேனர் இரவல் தந்தவருக்கும், தேநீர் ஏற்பாட்டாளருக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு டிசம்பரில் கண்காட்சி வைக்க முடியும், ஆனால் மூலங்களை அல்ல, பிரதிகளை. அதற்கு மூடிய கண்ணாடிப் பேழைகள் வேண்டாம், நல்ல அச்சுப் பிரதியும் இரண்டு தன்னார்வலர்களும் போதும். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாரேனும் முன்வந்தால் பீரோ சாவியும் பதிவேடும் இன்றே ஒப்படைக்கப்படும்; ஐப்பசி பிறப்பதற்குள் ஜெல் மாற்றியாக வேண்டும் என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளவும். யாரும் முன்வராவிட்டால், சந்தா ரசீதுப் புத்தகம் வாசலருகே மேஜையில் இருக்கிறது. தேநீருக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.