எங்களுக்காக ஜெபித்த எல்லாருக்கும், மெய்ஞ்ஞானபுரத்திலிருந்து

அண்ணன்மார், அக்காமார், சித்திமார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

அப்பா போன பிறகு அம்மாவை என்ன செய்வது என்று நாங்கள் மூன்று பேரும் நான்கு மாதமாக இழுபறியில் கிடந்தது உங்களுக்கே தெரியும். வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்குக் கூட்டிப்போகலாம் என்று அண்ணன், கூடவே கூடாது என்று தங்கையும் நானும். கடைசியில் ஃபோனில்கூடப் பேச்சு நின்றுபோனது. ஞானத்துக்காக ஜெபியுங்கள் என்று உங்களிடம் சொல்லியிருந்தேனே, இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது அண்ணன் என் வழிக்கு வரவேண்டும் என்பதை மட்டும்தான். மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் கட்டிய நம் ஊர்ச் சபைக் கோயிலின் 192 அடிக் கோபுரத்தின் நிழலில் வளர்ந்தவன், ஊர்ப் பெயரிலேயே மெய்ஞ்ஞானம், புத்தி இந்த லட்சணம்.

முதல் நன்றி உபதேசியார் தாத்தாவுக்கு. ஞானம் குறைவுள்ளவன் தேவனிடம் கேட்கட்டும் என்கிற யாக்கோபு 1:5-ஐ ஆளாளுக்கு அனுப்பினீர்கள், சரி, அது ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடம். தாத்தா திண்ணையில் வந்து உட்கார்ந்து 1 இராஜாக்கள் 3-ஐ எடுத்து, கிபியோனில் சாலொமோன் ராஜா ஆண்டவரிடம் கேட்டதை என்னை வாசிக்கச் சொன்னார். நம் வேதாகமத்தில் 'ஞானமுள்ள இருதயம்' என்று வருவது எபிரெயத்தில் 'கேட்கிற இருதயம்' என்றார். "ராஜாவே தன்னை போக்கு வரவு அறியாத சிறுபிள்ளைங்கான். நீ அம்மாகிட்ட கேட்டியாடே?"

கேட்கவில்லை. நாங்கள் மூன்று பேருமே கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே கேட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தாமலே, வீடு இருந்தால் என்ன போனால் என்ன என்றாள், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள், கன்றிப்போன தடம். ராத்திரி புறவாசல் கழிப்பறைக்குப் போகையில் படிக்கல்லில் வழுக்கி விழுந்திருக்கிறாள், சொன்னால் உடனே சென்னைக்குத் தூக்கிப்போய்விடுவோம் என்று மூச்சு விடவில்லை. இந்த வருஷம் கோயிலில் எல்லாருக்கும் போடுகிற அசன விருந்து வரைக்காவது ஊரில் இருக்கவேண்டுமாம். இவ்வளவுதான்.

வீட்டுக்குள்ளேயே ஒரு கழிப்பறை கட்டியாகிவிட்டது. இழுத்தடிக்காமல் ஒன்பதே நாளில் முடித்துக்கொடுத்த கொத்தனார் தம்பிக்கு நன்றி. அதுவரை தினமும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அம்மா பக்கத்தில் படுத்த அடுத்த வீட்டு அக்காவுக்கு நன்றி என்று எழுதினால் திட்டுவாள், இருந்தாலும் எழுதிவிட்டேன். எங்கள் மூவரையும் ஒரே ஃபோன் அழைப்பில் சேர்த்து, புத்திமதி ஒன்றும் சொல்லாமல் ஜெபம் மட்டும் பண்ணிவிட்டு, "இனி நீங்க பேசுங்க" என்று விலகிக்கொண்ட சபைப் போதகர் ஐயரவாளுக்கும், வியாழக்கிழமை தவறாமல் வந்த பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சித்திமாருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். சாயாவோடு கொஞ்சம் அச்சுமுறுக்கும் கொடுத்திருக்கலாம், மன்னியுங்கள்.

அண்ணன் குடும்பத்தோடு அசனத்துக்கு வருகிறான், திரும்பும்போது அம்மாவும் இரண்டு மாதம் அங்கே இருந்துவிட்டு வருவாள். அந்த இரண்டு மாதமும் அவள் கோழிகளை யார் பார்ப்பது என்பதில்தான் தங்கைக்கும் எனக்கும் இப்போது சண்டை, அதற்கும் ஒரு வார்த்தை ஜெபித்துக்கொள்ளுங்கள்.