சனி ராத்திரி ஆலம்பரை கிளம்பறோமுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. சங்ககிரி மலையேறி மூச்சு வாங்குனது போதும், இந்த வாட்டி கடலோரம். சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு ஈரோடு பஸ் ஸ்டாண்டு முன்னால வேன் நிக்கும். விடியறப்ப சென்னை - பாண்டிச்சேரி கடலோர ரோட்டுல இருக்கற கடப்பாக்கம், அங்கிருந்து ஆலம்பரைக் கோட்டை.

1750ல பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்த கோட்டை. 1760ல இங்கிலீஷ்காரங்க புடிச்சு இடிச்சுப் போட்டாங்க. ஒரு காலத்துல நாணயம் அடிச்ச எடமுங்க அது! நம்ம பக்கத்துக் கருங்கல்லுன்னு நெனச்சு வராதீங்க. அங்க செங்கல்லும் சுண்ணாம்பும்தான். உப்புக்காத்து அரிச்ச செங்கல்லு, வெரல் பட்டாலே பொடியா உதிரும். 2004 சுனாமியும் அது பங்குக்கு ஆட்டி வெச்சிருச்சு. அதனால மதில் மேல ஆரும் ஏறப்படாது. போன தடவை ஏறிச் சட்டையைக் கிழிச்சுக்கிட்ட தம்பிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், பேரு வேண்டாம்.

செருப்பு வேண்டாமுங்க, ஷூ போட்டுக்குங்க, முள்ளு சாஸ்தி. வாறவங்க வியாழக்கிழமைக்குள்ள இங்கயே சொல்லிப்போடுங்க.